ஆமைமுனைக்கு வரப்போகும் மின்சாரம்

ஆமைமுனை,
திருகோணமலை மாவட்டம்
24 பெப்ரவரி 2025

அன்புள்ள பெல்சி,

இரண்டு கிழமைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. துணை மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணமாம். நீயும் செய்தியில் பார்த்துச் சிரித்திருப்பாய். நானும் சிரித்தேன். என் மனுசன் சிவநேசன் சிரிக்கவில்லை. எங்கள் ஐஸ் அறையில் அன்று படகுக்காரர் நால்வரின் மீன் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் நாட்டில் பணமும் எண்ணெயும் இல்லாமல் நாள் முழுக்க மின்வெட்டு நடந்தபோது அந்த அறையை ஒரு தடவை மூடினோம். திரும்பத் திறக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை எங்கள் வளவுக்குப் பின்னால், கிணற்றடியைத் தாண்டி, ஒரு லொறி வந்து நின்றது. மண்ணைத் துளைக்கும் இயந்திரம் ஒன்றை இறக்கினார்கள். ஆழத்திலிருந்து மண்ணும் கல்லும் உருளை உருளையாக வந்தன. அவற்றை நீளப் பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதினார்கள். கடலுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கறுப்புக் கல் கிடப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது. பார்க்க ஆசையாக இருந்தது. எதற்கு என்று கேட்டேன். நாட்டின் முதல் அணுமின் நிலையத்தை எங்கே கட்டலாம் என்று பல இடங்களில் பார்க்கிறார்களாம். அதில் ஆமைமுனையும் ஒன்று.

இன்னும் எதுவும் முடிவாகவில்லை, பயப்பட வேண்டாம் என்று கிராம சேவகர் சொல்கிறார். சித்திரைக்குள் ஊர்க்கூட்டம் வைப்பார்களாம். மாதர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். "அக்கா, நீங்கள் இந்தியாவில படிச்சனீங்கள். இது என்னெண்டு சொல்லுங்கோ" என்கிறார்கள். காரைக்குடியில் அகதி முகாமிலிருந்து வந்து உன் பக்கத்தில் பத்தாம் வகுப்பு வரை உட்கார்ந்திருந்தேன், பிறகு பி.காம். படித்தேன் என்று சொன்னால் அவர்களுக்கு விளங்கவில்லை. இந்தியாவில் படித்தவளுக்கு அணுவும் தெரிய வேண்டும்.

நீ பௌதிகம் படித்தவள், பள்ளியில் அதையே சொல்லிக்கொடுக்கிறவள். அதனால் உன்னைக் கேட்கிறேன். அந்த உலைக்குள் என்ன எரிகிறது? அது குண்டு மாதிரி வெடிக்குமா? கடல் சூடாகுமா, மீன் செத்துப்போகுமா? எங்களை ஊரை விட்டு எழும்பச் சொல்வார்களா? ஆறு வயதில் ஒரு தடவை, முகாமில் ஒரு தடவை, திரும்பி வந்து சொந்தக் காணிக்குக் காத்திருந்த காலத்தில் ஒரு தடவை என்று எழும்பிக்கொண்டே இருந்தவள் நான்.

வாட்ஸ்அப்பில் கேட்டால் நீ இரண்டு வரியும் கும்பிடு போடும் படமும் அனுப்புவாய். எனக்கு அது போதாது. அதனால்தான் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே எழுது. சங்கத்தில் வாசித்துக் காட்ட வேண்டும்.

உன்
தவமலர்

*

காரைக்குடி
9 மார்ச் 2025

மலர்,

உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. மின்வாரிய அலுவலகத்திலிருந்து வந்த என் வீட்டுக்காரர் அருள் பிரகாஷ் முதலில் படித்துவிட்டு, "ஒங்க ஃப்ரெண்டு ரொம்ப வெவரமாத்தான் கேக்குறாக" என்று என்னிடம் கொடுத்தார். என் மாமனார் தைரியநாதன் கூட மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "அந்தச் சின்ன நாட்டுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய அடுப்பு" என்று மட்டும் கேட்டுவிட்டு மிளகாய் வற்றலைத் திருப்பிப் போடப் போய்விட்டார்.

உன் கடிதத்தை நெற்குப்பைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். சத்துணவுக் கூடத்தில் குக்கர் வாங்கி, அடுப்பில் வைத்து, ஆவி வரும் இடத்துக்கு நேரே தகரக் காற்றாடியைப் பிடித்தேன். சுற்றியது. அணுமின் நிலையம் என்பது இவ்வளவுதான் மலர். யுரேனியம் விறகு மாதிரி எரிவதில்லை. அதன் அணு உடைகிறது. உடையும்போது சூடு வருகிறது. சூட்டில் தண்ணீர் ஆவியாகி, சக்கரத்தைச் சுழற்றி, மின்சாரம் வருகிறது. நிலக்கரி செய்கிற அதே வேலைதான், புகை இல்லாமல்.

அணுகுண்டு மாதிரி வெடிக்காது. குண்டுக்கு வேண்டிய அளவு செறிவு இந்த எரிபொருளில் கிடையாது. ஆனால் வேறு விதமான விபத்துகள் நடந்திருக்கின்றன. செர்னோபிலும் ஃபுகுஷிமாவும் நீ கேள்விப்பட்டவைதான். அவற்றுக்குப் பிறகு பாதுகாப்பை நிறைய மாற்றியிருக்கிறார்கள். கடலிலிருந்து எடுக்கும் தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாகத் திருப்பி விடுவார்கள். அது உலைக்குள் போகிற தண்ணீர் இல்லை, வெளிக்குழாயில் ஓடுவது. மீனுக்கு என்ன ஆகும் என்பது இடத்தைப் பொறுத்தது.

எழும்பச் சொல்வார்களா என்று கேட்டாய். பக்கத்தில் இருக்கிறவர்களை நகர்த்தத்தான் வேண்டியிருக்கும். அரசாங்கம் ஏதாவது வழி செய்யும், கவலைப்படாதே.

எனக்கு என்னவோ சந்தோஷமாகவே இருக்கிறது. குரங்கு பாய்ந்தால் இருண்டுபோகிற நாடு இவ்வளவு பெரிய காரியத்தை யோசிக்கிறதே. என் சின்னம்மா மகன் அந்தோணி பிரபுவை என் கல்யாணத்தில் பார்த்திருக்கிறாய். தெற்குக் கடற்கரையில் ஒரு அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வெல்டராக இருக்கிறான். வேண்டுமானால் அவனிடமும் கேட்டு எழுதுகிறேன்.

பெல்சி

*

ஆமைமுனை
20 ஏப்ரல் 2025

பெல்சிக்கு,

கூட்டம் முடிந்தது. உன் கடிதத்தை வாசித்தேன். குக்கர் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரிகளில் பெரியவருக்கு அது மிகவும் பிடித்துப் போய்விட்டது. ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டு, தன் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். பிறகு எங்கள் தரப்பில் யாராவது ஏதாவது கேட்டால், "அதுதான் உங்கள் ஊர்ப் பிள்ளையின் சிநேகிதி எழுதியிருக்கிறாரே" என்று சொன்னார். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. என் கையால் நானே கொடுத்தது.

வெளியே வந்ததும் பக்கத்து வளவு இராசம்மா எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தியாக்காரியின்ட கடிதத்தை வச்சு எங்கட காணியை விற்கப் பாக்கிறா" என்றாள். நான் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். சிவநேசனுக்கு மட்டும் சந்தோஷம். நிலையம் வந்தால் மின்சாரம் நிற்காது, அறையைப் பெரிதாக்கலாம், வேலை செய்ய வருகிற ஆயிரம் பேருக்கு மீன் கொடுக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார். அவர் ஆசையில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம். நீ பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பது போல எழுதியிருக்கிறாய். நீராவி எப்படிச் சுற்றுகிறது என்பதற்கு ஒரு பக்கம். எங்களை எங்கே அனுப்புவார்கள் என்பதற்கு ஒரு வரி. "அரசாங்கம் ஏதாவது வழி செய்யும்." பெல்சி, முகாமில் எங்கள் கூரைத் தகரம் பறந்த மழைக்காலத்தில் நீ என்னை உன் வீட்டுக்குக் கூட்டிப் போனாயே, அன்று உன் அம்மாவிடம் இப்படி ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அவர் உன்னை என்ன செய்திருப்பார்?

எனக்கு அணு விளங்கிவிட்டது. அதற்குப் பக்கத்தில் இருப்பது எப்படி என்றுதான் விளங்கவில்லை. உங்கள் நாட்டில் அப்படி இருக்கிற ஆட்கள் உண்டு. நீ எப்போதாவது போய் அவர்களோடு கதைத்திருக்கிறாயா? புத்தகத்தில் இருப்பதை இனி எனக்கு எழுதாதே. போய்ப் பார்த்துவிட்டு எழுது. போகாவிட்டால் எழுத வேண்டாம்.

தவமலர்

*

காரைக்குடி
18 மே 2025

மலர்,

உன் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு பத்து நாள் திறக்கவில்லை. கோடை விடுமுறையில் ஊட்டிக்குப் போவதாக இருந்தது. அருள் பிரகாஷ்தான் சொன்னார்: "கரண்டு எங்குட்டு இருந்து வருதுன்னு இருக்கிறப்ப யாரும் கேக்க மாட்டாக. போனப்பறந்தான் கேப்பாக. அவுக முன்னாடியே கேக்குறாக. போயி பாத்துட்டு வந்துரு." போனேன்.

மதுரையில் பஸ் மாறி, திருநெல்வேலியில் மாறி, அந்தோணி பிரபு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவனும் அவன் மனைவி கிறிஸ்டியும் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு மீனவர் ஊரில் வாடகைக்கு இருக்கிறார்கள். மாடியிலிருந்து பார்த்தால் கடலோரத்தில் வெள்ளையாகக் கட்டடங்கள் தெரிகின்றன. புகை இல்லை, சத்தமும் இல்லை. பள்ளியில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அந்தோணி பிரபுவுக்குத் தன் வேலையில் பெருமை. "அக்கா, நான் வெல்டு வச்ச ஒவ்வொரு பைப்பையும் படம் எடுத்துப் பாத்துத்தான் பாஸ் பண்ணுவாக. நம்ம வீட்டு கேஸ் அடுப்ப யாரு அப்படிப் பாத்தா?" என்றான். அது உண்மைதான் என்று எனக்கும் பட்டது. தீர்ந்துபோன எரிபொருளை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்றான். அதற்குப் பிறகு? "தெரியாதுக்கா. நான் கேட்டதில்ல." உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் பாடப் புத்தகத்துக்கு மேல் தெரியாது. ஆயிரக்கணக்கான வருடம் பத்திரமாக வைக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எங்கே, யார் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கிறிஸ்டி ஒரு விஷயம் சொன்னாள். அங்கே அவ்வப்போது அபாயச் சங்கு ஊதி, ஊரைக் காலி செய்கிற ஒத்திகை நடத்துவார்களாம். "ஒத்திகைன்னு முதல் நாளே சொல்லித்தான் ஊதுனாக. ஆனாலும் சத்தம் கேட்டதும் புள்ளைய தூக்கிட்டு பஸ்சு நிக்கிற எடத்துக்கு ஓடிட்டேன். அங்குட்டுப் போயி நின்னப்பறந்தான் கால்ல செருப்பு இல்லைன்னு தெரிஞ்சது." அகலமான சாலையில் வரிசையாக பஸ் நின்றதாம். எல்லோரும் ஏறி, போய், திரும்பி வந்தார்களாம். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மாரீஸ்வரி என்று ஒருத்தியைப் பார்க்கக் கூட்டிப் போனாள். தொண்டியில் பிறந்து அங்கே வாக்கப்பட்டவள், மீன் விற்கிறாள். நம் பக்கத்துப் பேச்சு கேட்டதும் பலகையைப் போட்டு உட்காரச் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் நிலையத்துக்கு நேரே உள்ள கடலில் வலை போட முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். அவள் இளைய மகளோ நிலையத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் கணக்கு எழுதுகிறாள், அந்தச் சம்பளத்தில்தான் வீடு கட்டினார்கள். நல்லதா கெட்டதா என்று கேட்டேன். அவள் மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எம்மக சோறு அதுல வருது. எம் புருசன் கடல அது மறிக்குது. ரெண்டு பேருக்கும் நாந்தான் பரிமாறணும். நான் என்னத்தச் சொல்ல?"

கிளம்பும்போது தெரு முனை வரை வந்தாள். "ஒங்க கூட்டாளிகிட்டச் சொல்லுங்க. கேக்க வேண்டியத இப்பவே எழுத்துல கேக்கச் சொல்லுங்க. வேலி போட்டுட்டா வெளிய நின்னுதான் கேக்கணும்."

ஆகவே உனக்கு எழுத வேண்டிய பதில்கள் என்னிடம் குறைந்துவிட்டன. கேள்விகள்தான் வந்திருக்கின்றன. எங்கே குடியேற்றுவீர்கள், அங்கே கடல் இருக்கிறதா? சங்கு ஊதினால் எந்த வழியாகப் போவது? எரிந்து முடிந்ததை எங்கே, எத்தனை காலம் வைப்பீர்கள்? இதை என் பெயரில் வாசிக்காதே. நீயே கேள்.

பெல்சி

*

ஆமைமுனை
30 ஜூன் 2025

என் பெல்சி,

கிறிஸ்டி செருப்பில்லாமல் நின்றதை வாசித்த இடத்தில் நானும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நீ போனதற்கு நன்றி சொல்லப் போவதில்லை. ஊட்டிக்கு நான் ஒரு நாள் உன்னைக் கூட்டிப் போகிறேன்.

இங்கே ஒன்று நடந்தது. மண் துளைக்கும் குழுவில் நிலுஷி என்று ஒரு இளம் பொறியியலாளர் இருக்கிறாள். சிங்களப் பிள்ளை, கொஞ்சம் தமிழ் கதைப்பாள். எங்கள் கிணற்றில் முகம் கழுவ வருவாள். நான் தேத்தண்ணீர் கொடுப்பேன். போன கிழமை உன்னுடைய மூன்று கேள்விகளையும் அவளிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். முதலாவதுக்கு மேலே இருப்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றாள். மூன்றாவதுக்கு, எரிபொருள் தரும் நாடே திருப்பி எடுக்கும் என்று சிலர் சொல்கிறார்கள், ஒப்பந்தம் எதுவும் இன்னும் இல்லை என்றாள். இரண்டாவதைக் கேட்டதும் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டாள்.

எங்கள் ஊருக்கு ஒரே ஒரு வழி. உப்புத் தண்ணீர்க் களப்பின் குறுக்கே போகும் தாம்போதி. அது பாலம் கூட இல்லை, தண்ணீருக்குள் போட்ட தாழ்ந்த பாதை. மாரி மழையில் அது மூழ்கிவிடும், படகில்தான் போய் வருவோம். எங்களுக்கு இது பழகிப்போனதால் யாரும் யோசிக்கவில்லை. நிலுஷி வந்த நாளே பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது அறிக்கையின் எந்த மூலையில் போய் உட்கார்ந்தது என்று அவளுக்கே தெரியாது. "அக்கா, நான் சொன்னா ஒரு வரி. நீங்க கூட்டத்தில கேட்டா, அவங்க பதில் சொல்லணும், பதிவு ஆகும்" என்றாள்.

சிவநேசனிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "நீ கேட்டா வேற ஊருக்குக் கொண்டு போயிடுவாங்கள். பிறகு மின்சாரமும் இல்லை, பாதையும் இல்லை. இந்த ஊர் இப்படியே கிடக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுவது போலச் சொன்னார். அதுதான் எனக்குக் கஷ்டம். அவர் சொல்வது நடக்கக் கூடியது. ஐஸ் அறையை இரண்டாம் தடவை மூடினால் அவர் மூன்றாம் தடவை திறக்க மாட்டார்.

அடுத்த கூட்டம் ஆவணியில். கேட்கவா, விடவா? எனக்கு நிலையம் வேண்டாம் என்று இல்லை பெல்சி. அந்தக் கறுப்புக் கல்லைப் பார்த்த நாளிலிருந்து, அதன் மேல் அப்படி ஒரு நிலையம் எழும்பி நின்றால் எப்படி இருக்கும் என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தவமலர்

*

காரைக்குடி
13 ஜூலை 2025

மலர்,

இந்தக் கடிதத்தில் உனக்கு ஆறுதல் இருக்காது.

ஒரு வெளியூர்ப் பெண் வந்து மீனவர் தெருவில் கேள்வி கேட்டுவிட்டுப் போனாள் என்ற பேச்சு அந்தோணி பிரபுவின் ஒப்பந்தக்காரர் காதுக்குப் போயிருக்கிறது. யாரது, பத்திரிகையா, சங்கமா என்று அவனைக் கூப்பிட்டு விசாரித்தாராம். அக்கா, டீச்சர் என்று சொல்லியிருக்கிறான். நம்பவில்லை. உள்ளே போகும் வேலையிலிருந்து எடுத்து, வெளியே சுற்றுச்சுவர் கேட் பற்றவைக்க விட்டிருக்கிறார். சம்பளம் குறைவு. கிறிஸ்டி போனில் என்னிடம், "ஒங்க கூட்டாளிக்கு வெளக்கம் சொல்லப் போயி எங்க வீட்டுல வெளக்க அணைச்சிட்டீக" என்றாள். சின்னம்மா பேசுவதே இல்லை.

உன்மேல் கோபப்பட வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். நீதான் போகச் சொன்னாய். ஆனால் நான் எதையும் திருடவில்லை, எதையும் உடைக்கவில்லை. மீன் கழுவுகிறவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். அதற்கே இப்படி என்றால், எனக்கு இன்னும் கேட்கத்தான் தோன்றுகிறது. வகுப்பில் சௌபர்ணிகா என்று ஒரு பெண். நான் எரிபொருள் பாடத்தை முடித்ததும், "மிச்சம் எங்க டீச்சர் போகும்?" என்றாள். எனக்குத் தெரியாது, தேடுவோம் என்றேன். பதினைந்து வருடத்தில் வகுப்பில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கேட்கவா விடவா என்கிறாய். சிவநேசனுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறவள் நீ. நான் சொல்லமாட்டேன். கேட்டால், அந்தோணி பிரபுவின் பெயரை மட்டும் எங்கேயும் சொல்லிவிடாதே.

பெல்சி

*

ஆமைமுனை
31 ஆகஸ்ட் 2025

பெல்சி,

கேட்டுவிட்டேன்.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. அந்தக் கொழும்புப் பெரியவர் இந்த முறையும் குக்கர் கதையிலிருந்து தொடங்கினார். நான் எழும்பினேன். "ஐயா, உலை எங்களுக்கு விளங்கிவிட்டது. மாரி மழையில உங்கட சங்கு ஊதினால் நாங்கள் எந்த வழியால போறது?" என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் வரைபடத்தை விரித்தார். அதில் தாம்போதி நல்ல சாலை போலக் கறுப்புக் கோடாக இருந்தது. நிலுஷி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். கடைசியில், மாற்றுப் பாதைக்கு வழி தெரியும் வரை இந்த இடத்தின் வேலையை நிறுத்தி வைக்கிறோம் என்று அவரே சொன்னார். மற்ற இரண்டு கேள்விகளையும் எழுதி வாங்கிக்கொண்டார். எல்லாம் தமிழில் பதிவானது. நான் வாசித்துப் பார்த்துத்தான் ஒப்பமிட்டேன். உங்கள் யார் பெயரும் என் வாயில் வரவில்லை.

இயந்திரம் மறு கிழமையே போய்விட்டது. அது நின்ற இடத்தில் சிமெந்து பூசிய ஒரு வட்டம் இருக்கிறது.

காணி தப்பியது என்று இராசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்த இளம் பெடியங்கள் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்புகிறார்கள். சங்கக் கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். சிவநேசன் சாப்பிடுகிறார், காசு தருகிறார், பிள்ளைகளோடு சிரிக்கிறார். என்னோடு மட்டும் தேவைக்குத்தான் கதை. நேற்று மின்சாரம் போனபோது அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்து, "இப்ப சந்தோசமா?" என்றார்.

அந்தோணி பிரபு எப்படி இருக்கிறார்? அதை முதலில் எழுது.

தவமலர்

*

காரைக்குடி
3 டிசம்பர் 2025

மலர்,

அந்தோணி பிரபு வேறு ஒப்பந்தக்காரரிடம் பழைய வேலைக்கே போய்விட்டான், கிறிஸ்டியும் பேசுகிறாள் என்று அக்டோபரில் எழுதினேனே, பார்த்தாயா? இப்போது அது இல்லை விஷயம். புயல் உங்கள் பக்கம் ஏறியதிலிருந்து உன் எண் கிடைக்கவில்லை. டிவியில் திருகோணமலை என்று சொல்கிறார்கள், வெள்ளத்தைக் காட்டுகிறார்கள், ஆமைமுனை என்று ஒருவரும் சொல்வதில்லை. இங்கேயும் மழை நிற்கவில்லை. மாமனார் கோவிலில் உனக்காகப் பூசை சொல்லியிருக்கிறார். உனக்கு மின்சாரம் வந்து, போன் உயிர் பெற்று, இது கண்ணில் படும் நாளில் ஒரு எழுத்தாவது அனுப்பு. திட்டியாவது அனுப்பு.

பெல்சி

*

ஆமைமுனை
18 ஜனவரி 2026

அன்புள்ள பெல்சி,

இருக்கிறோம். எல்லோரும் இருக்கிறோம். தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னதை இப்போது ஒழுங்காக எழுதுகிறேன்.

தாம்போதி முதல் நாளே போய்விட்டது. மூழ்கியது என்று சொல்ல முடியாது, நடுவில் அடித்துக்கொண்டே போய்விட்டது. மின்கம்பங்கள் சாய்ந்தன. ஊர் தனியாக நின்றது. மூன்றாம் நாள் இராசம்மாவின் மகளுக்கு வலி எடுத்தது. தலைப்பிள்ளை. மருத்துவச்சி மற்றக் கரையில். சிவநேசன் ஐஸ் அறையைத் திறந்து, கெட்டுப்போன மீனையெல்லாம் களப்பில் கொட்டி, மீன் வைக்கும் பெரிய நெகிழிப் பெட்டிகளைப் படகின் இரு பக்கமும் கட்டினார், கவிழாமல் இருக்க. அந்தத் தண்ணீரில் அவளைக் கொண்டு போனார். நான் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். இராசம்மா வாய்விட்டுக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். மற்றக் கரையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை, நல்ல கனம்.

திரும்பி வரும்போது படகில் நாங்கள் இரண்டு பேர்தான். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தாம்போதி இருந்த இடத்தைப் பார்த்தபடி இருந்தார். "ஒரு பிள்ளைத்தாச்சிக்கே இவ்வளவு நேரம் எடுத்தது" என்றார். பிறகு இயந்திரத்தைத் திரும்ப இயக்கினார்.

மின்சாரம் வர நத்தார், உங்கள் கிறிஸ்துமஸ், முடிந்துவிட்டது. ஐஸ் அறையின் இயந்திரத்துக்குள் உப்புத் தண்ணீர் போய்விட்டது. அவர் அதைக் கழற்றி முற்றத்தில் பரப்பி வைத்திருக்கிறார். திறப்பாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் தினமும் ஒரு பாகத்தைத் துடைக்கிறார்.

பொங்கலுக்கு முதல் கிழமை சேதம் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். நிலுஷியும் வந்தாள், இந்த முறை பாலம் போட இடம் பார்க்கும் குழுவோடு. நிலையம் என்ன ஆயிற்று என்று ஊரில் ஒருவர் கேட்டார். நாடு இன்னும் முடிவெடுக்கவில்லை, ஆமைமுனை பட்டியலில் இருக்கிறது, பாலம் முடிந்தால் திரும்பப் பார்ப்பார்கள் என்றாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் வாய் திறக்கும் முன் சிவநேசன் எழும்பினார். "பாலம் எங்களுக்குத்தான் முதல். உலை வந்தாலும் வராட்டிலும் பாலம் வேணும். அதைத் தனியா எழுதுங்கோ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மற்ற ரெண்டு கேள்வியையும் நீ கேள்" என்றார்.

கேட்டேன். ஆவணியில் கொடுத்ததற்கும் சேர்த்து இப்போது பதில் எழுத்தில் வந்திருக்கிறது பெல்சி. குடியேற்றம் என்றால் கடற்கரையோடு சேர்ந்த இடம்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எரிந்து முடிந்ததைப் பற்றி, "இது தொடர்பாகத் தற்போது கூறக்கூடிய உறுதி எதுவும் இல்லை" என்று ஒரு வரி. ஊரில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. தெரியாது என்பதைத் தெரியாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் இனிக் கேட்கலாம்.

சங்கத்தில் இப்போது நாற்பது பேர். வேண்டும் என்பவர்களும் உண்டு, வேண்டாம் என்பவர்களும் உண்டு. இராசம்மா வேண்டாம் என்கிறாள், அவள் மருமகன் வேண்டும் என்கிறார். ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனோம். ஒரு நிலையத்தை நேரில் பார்க்காமல் எந்தப் பக்கமும் கை தூக்குவதில்லை. எல்லோரும் காசு சேர்த்து ஆறு பேரை அனுப்புகிறோம். நானும் இராசம்மாவும் அவள் மருமகனும் அதில் உண்டு. சிவநேசனும் வருகிறார், உங்கள் ஊர் ஐஸ் அறைகளைப் பார்க்க வேண்டுமாம். வைகாசியில், கடல் அமைதியான பிறகு, காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் வருவோம்.

காரைக்குடியில் இரண்டு நாள் உன் வீட்டில். மாமனாரிடம் முன்கூட்டியே சொல்லிவை, இராசம்மா பெரிய சத்தமாகக் கதைப்பாள். நிலையத்துக்குள் போக முறைப்படி அனுமதி கேட்டு நீயே விண்ணப்பம் எழுது, அந்தோணி பிரபுவை இதில் இழுக்க வேண்டாம். உள்ளே விட்டால் பார்ப்போம். விடாவிட்டால் வெளியே நின்று பார்ப்போம். எப்படியும் அங்கே போகும் முதல் நாள் காலை எங்களை மாரீஸ்வரியிடம் கூட்டிப் போ. அவளிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது. அவளுக்கும் எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கும்.

வருகிறேன்,
தவமலர்